துவைக்கவும் பிழியவும் ஒரே டிரம் வேண்டுமா? வீட்டுச் சலவை இயந்திரத்துக்கு ஒரு மாற்று வடிவமைப்பு

நீர்க்கணக்கன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுச் சலவை இயந்திரத்தின் அமைப்பைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அந்த ஐயத்திலிருந்து ஒரு மாற்று வடிவமைப்பையும் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். இயந்திரவியல் படித்தவர்களும், இந்த இயந்திரங்களைக் கழற்றி மாட்டிப் பழகியவர்களும் அதிலுள்ள ஓட்டைகளை எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஃபிரண்ட் லோடு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 48 செ.மீ. விட்டமுள்ள டிரம் படுக்கைவாட்டில் சுழல்கிறது. துணி மேலே தூக்கிச் செல்லப்பட்டு, அடியில் கிடக்கும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் விழுகிறது. அந்த விழுதல்தான் துவைப்பு. துணி விழ வேண்டுமென்றால் மையவிலக்கு விசை புவியீர்ப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த விட்டத்துக்கு நிமிடத்துக்கு 61 சுற்றைத் தாண்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்று கணக்கு வருகிறது. ஆகவே துவைக்கும் வேகம் 45 முதல் 55 சுற்றுக்குள்தான் இருக்க முடியும். ஆனால் அதே டிரம் கடைசியில் பிழிவதற்காக 1,200 சுற்று சுற்றுகிறது. அப்போது துணியின் மீது புவியீர்ப்பைப் போல 380 மடங்குக்கும் அதிகமான விசை செயல்படுகிறது. துணி ஒரு பக்கமாக வெறும் 300 கிராம் கூடுதலாகச் சேர்ந்திருந்தாலே 115 கிலோ எடைக்கு நிகரான விசை அச்சைச் சுற்றிச் சுற்றி இழுக்கும்.

உள்ளே இருக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், 20, 25 கிலோ கான்கிரீட் கட்டை, பருத்த அச்சு, இரட்டை பேரிங் ஆகிய அனைத்தும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்காகவே இருக்கின்றன. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு இந்த இயந்திரத்தை ஏற்றியவர்களுக்கு அந்தக் கான்கிரீட்டின் அருமை நன்கு தெரியும்.

நம் வீடுகளில் பரவலாக உள்ள இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் இயந்திரம் இந்த இரண்டு வேலைகளையும் எப்போதோ பிரித்துவிட்டது. அதன் ஸ்பின்னர் கூடையின் ஆரம் 12 செ.மீ. அளவுதான், 1,350 சுற்றில் சுமார் 240 மடங்கு விசை கிடைத்துவிடுகிறது, கான்கிரீட்டும் தேவைப்படவில்லை. குறை அதன் துவைக்கும் பக்கத்தில் இருக்கிறது. தொட்டியின் அடியில் சுழலும் பல்சேட்டர் துணியைச் சுழற்ற வேண்டுமானால் துணி தண்ணீரில் மிதக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நிரப்புக்கும் 40, 50 லிட்டர் போகிறது, துணியும் கயிறாக முறுக்கிக்கொள்கிறது.

என் யோசனை இதுதான். இடப்பக்கம் படுக்கைவாட்டு டிரம். அது இரு முனைகளிலும் தாங்கப்பட்டு, மேலிருந்து திறக்கும். 55 சுற்றுக்கு மேல் சுற்றாது. வலப்பக்கம் இப்போதுள்ள அதே சிறிய ஸ்பின்னர். அடியில் 15 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி. கடைசி அலசலின் தண்ணீர் அதில் தேங்கி, அடுத்த முறை துவைப்பதற்குப் பயன்படும். ஹீட்டர் கிடையாது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகிறது. மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்திருப்பவர்கள் அதைக் குழாயிலேயே பெறலாம். தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் சென்னைக் குடியிருப்புகளுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட ஒன்று கடைகளில் இல்லாததற்குக் காரணம் ஈரத்துணியைக் கையால் எடுத்து மாற்ற வேண்டியிருப்பது மட்டும்தானா, அல்லது நான் பார்க்கத் தவறிய வேறு காரணம் உண்டா?

அச்சாணி எழுதுகிறார்:

நண்பர் நீர்க்கணக்கனுக்கு வணக்கம். உங்கள் கணக்குகளைச் சரிபார்த்தேன், பிழையில்லை. ஆனால் துவைப்பையும் பிழிதலையும் மட்டும் எண்ணிய நீங்கள், இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள அலசலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இந்த வடிவமைப்பின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

ஃபிரண்ட் லோடு இயந்திரம் தண்ணீரைச் சேமிப்பது டிரம் படுத்திருப்பதால் மட்டும் அன்று. ஒவ்வோர் அலசலுக்கும் முன்னால் துணியை ஓரளவு பிழிந்துவிடுவதாலும்தான். ஐந்து கிலோ பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வடித்துவிட்டாலும், பிழியாத துணி தன் எடையைப் போல இரு மடங்கு, அதாவது சுமார் 10 லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதில் 15 லிட்டர் நல்ல தண்ணீரைச் சேர்த்தால் சோப்பின் செறிவு பத்தில் நான்கு பங்காக மட்டுமே குறையும். முதலில் இருந்த செறிவில் நூற்றில் ஒரு பங்குக்கு வர ஐந்து அலசல், 75 லிட்டர் தேவை. முழுதாகப் பிழிந்த துணியிலோ 3 லிட்டர்தான் தங்கியிருக்கும். அப்போது ஒவ்வோர் அலசலும் செறிவை ஆறில் ஒரு பங்காக்கும். மூன்று அலசலில், 45 லிட்டரில், வேலை முடிந்துவிடும். உங்கள் டிரம் பிழியாது என்பதால் துவைப்பில் மிச்சப்படுத்திய தண்ணீரை அலசலில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஒவ்வோர் அலசலுக்கும் இடையே துணியை ஸ்பின்னருக்கு மாற்றி மறுபடியும் டிரம்முக்குக் கொண்டுவரலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதை எந்த வீட்டிலும் இரண்டாம் வாரம் செய்ய மாட்டார்கள்.

ஏன் கடைகளில் இல்லை என்பதற்கு என் பதில் கொஞ்சம் கசப்பானது. சந்தைக்கு வந்த மாற்று வடிவமைப்புகளில் கவனம் பெற்றவை பெரும்பாலும் உறுப்புகளைக் கூட்டியவை, குறைத்தவை அல்ல. டைசன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு டிரம்களைக் கொண்ட கான்ட்ராரொட்டேட்டரை வெளியிட்டது. கையால் கசக்குவதைப் போலத் துணியை நெளியவைப்பது அதன் நோக்கம். கருத்து நல்லதுதான், ஆனால் அதன் பொறியமைவு சிக்கலானது, விலையும் அதிகம், சில ஆண்டுகளிலேயே அது விற்பனையிலிருந்து போய்விட்டது. இதற்கு மாறாக, நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் 1991இல் மின்னணுக் கட்டுப்பாட்டு மோட்டாரை நேரடியாக அச்சில் பொருத்தி, கியர்பெட்டியையே நீக்கிவிட்டது. உறுப்பைக் குறைத்த அந்த மாற்றம் நிலைத்தது. நேரடி இயக்கம் இன்று பல நிறுவனங்களின் இயந்திரங்களில் இருக்கிறது. உங்கள் யோசனை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ஒரு சமரசத்தை முன்வைக்கிறேன். டிரம்மை 400 சுற்று வரை சுற்றவிடுங்கள். 43 மடங்கு விசை கிடைக்கும். துணியில் தங்கும் தண்ணீர் ஏறக்குறைய துணியின் எடை அளவுக்கு இறங்கும். அப்போது மூன்று அலசலில் அறுபத்து நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிடலாம். இறுதிப் பிழிதலை மட்டும் ஸ்பின்னர் செய்யட்டும்.

திருப்புளி எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். மதுரையில் சலவை இயந்திரப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், டிரம்மை இரு முனைகளிலும் தாங்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஃபிரண்ட் லோடு இயந்திரத்தின் டிரம் பின்புறம் மட்டுமே தாங்கப்பட்டு, முன்புறம் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் இரண்டு பேரிங், அவற்றுக்கு முன்னால் ஓர் ஆயில் சீல். சீலின் ரப்பர் தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் கசிகிறது, கிரீஸ் கரைகிறது, துரு பிடிக்கிறது, பிழியும்போது வீடே அதிர்கிறது. பேரிங்கின் விலை பெரிதன்று. ஆனால் இப்போது வரும் பல இயந்திரங்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளும் உருக்கி ஒட்டப்பட்டு வருவதால், அதை அறுக்காமல் பேரிங்கைத் தொட முடியாது. தொட்டியை முழுதாக மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். டிரம்மின் முதுகில் அதை அச்சோடு இணைக்கும் மூன்று கால் ஸ்பைடர் அலுமினியக் கலவையால் ஆனது, டிரம்மோ எவர்சில்வர். காரமான சோப்புத் தண்ணீரில் இந்த இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். கால் ஒடிந்த ஸ்பைடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், டிரம், ஸ்பைடர், பேரிங் உள்ளிட்ட உதிரிகளைக் குறைந்தது பத்தாண்டுகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆயினும் அவற்றைத் தனித்தனியாகவோ சேர்த்தோ தரலாம் என்று அதே விதி இடம் கொடுப்பதால், சேர்த்தே விற்பவர்களை யாரும் கேட்க முடியாது.

இரு முனைகளிலும் தாங்கினால் ஸ்பைடரே வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் ஒரு குட்டை அச்சு, ஒரு பேரிங், ஒரு சீல். பக்கத் தகட்டைக் கழற்றினால் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். இது புதிதும் அன்று. பிரான்சில் 40 செ.மீ. அகலத்தில் விற்கும் மேல்திறப்பு இயந்திரங்கள் இப்படித்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒஹாயோவின் ஸ்டேபர் நிறுவனம் அறுகோண டிரம்மையே இவ்வாறு அமைத்தது. கவனிக்க வேண்டியது டிரம்மின் மேலுள்ள மூடியை. அதன் கொக்கி சரியாக மாட்டாமல் பிழியும் வேகத்தில் திறந்துகொண்டால் ஹீட்டர், வெளித்தொட்டி எல்லாவற்றையும் உடைத்துவிடும். உங்கள் டிரம் 55 சுற்றோடு நிற்குமானால் அந்த ஆபத்து மிகக் குறைவு. அச்சாணி ஐயா சொல்லும் 400 சுற்று என்றால் கொக்கியை முதலில் வரையுங்கள், மற்றதைப் பிறகு வரையலாம்.

உவர்மண் எழுதுகிறார்:

உங்கள் விவாதத்தில் மோட்டாரும் அச்சும் மட்டுமே இருக்கின்றன; துணியை எடுத்து மாற்றும் கைகளைப் பற்றியும் பேச வேண்டும். நான் ஆரோவிலுக்கு அருகில் வசிக்கிறேன். இங்கே குயிலாப்பாளையத்தில் சில காலம் தங்கியிருந்த நவ்ஜோத் சாஹ்னி என்ற பிரிட்டன் பொறியாளர் – முன்பு டைசனில் பணியாற்றியவர் – பக்கத்து வீட்டுப் பெண் கையால் துவைத்துப் படும் பாட்டைக் கண்டு, மின்சாரமே இல்லாமல் கைப்பிடியால் சுழற்றும் படுக்கைவாட்டு டிரம் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு அந்தப் பெண்ணின் பெயரான திவ்யா என்பதையே சூட்டினார். ஈராக்கின் அகதி முகாம்களுக்கு அது சென்றது. நீர்க்கணக்கன் சொல்லும் மெதுவான டிரம்முக்கு மனிதக் கையின் வலுவே போதும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

துவைப்பை நான்கு காரணிகளாகப் பிரித்துக் காட்டியவர் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானியர். 1959இல் அதை வட்டமாக வரைந்தார். சோப்பின் வேதிச்செயல், அடித்தல் கசக்குதல் போன்ற இயக்கம், வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். நம் ஊர் வெள்ளாவியும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது: உவர்மண்ணின் காரத்தில் தோய்த்த துணியைப் பானையில் அடுக்கி நீராவியில் அவிக்கும்போது, வெப்பமும் நேரமும் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும், கல்லில் அடிக்க வேண்டியது குறையும். உங்கள் இயந்திரத்தில் மிக மலிவாகக் கிடைப்பது நேரம். இரவெல்லாம் துணி ஊறட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிரம் நாலு சுற்றுச் சுற்றி நின்றால் போதும். மெதுவான டிரம்முக்கு அதனால் சத்தமும் இராது. பக்கத்து வீட்டார் உறங்கலாம்.

வெந்நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொடக்கத்திலேயே சுடுநீர் பட்டால் இரத்தம், பால், முட்டைக் கறைகள் இழையில் இறுகிவிடும். ஹீட்டர் உள்ள இயந்திரத்தில் குளிர்ந்த நீர் மெல்லச் சூடாவதால் இந்தத் தொல்லை குறைவு. குழாயில் நேராக வெந்நீர் விடுவதானால் முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் வருகிறது என்பது வேறு கதை.

இன்னொன்று: ஈரத்துணியைத் தூக்குவது எளிதென்று ஆண்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஐந்து கிலோ துணி 10 லிட்டர் தண்ணீரோடு 15 கிலோ. டிரம்மின் வாயும் ஸ்பின்னரின் வாயும் ஒரே மட்டத்தில், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு சரிவுத் தட்டு இருக்கட்டும். தூக்க வேண்டாம், இழுத்துத் தள்ளினால் போதும்.

நீர்க்கணக்கன் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. சரிவுத் தட்டை வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். ஊறவைக்கும் முறையையும் சேர்க்கிறேன். 400 சுற்று யோசனையை வைத்துக் கணக்கிட்டால், விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 1,200 சுற்றில் உள்ளதில் ஒன்பதில் ஒரு பங்குதான். எனவே ஸ்பிரிங், கான்கிரீட் இன்றி டிரம்மை நேராகச் சட்டத்திலேயே பொருத்தி, அடியிலுள்ள அலசல் தண்ணீர்த் தொட்டியையே எடைக்கட்டையாகக் கொள்ளலாம் அல்லவா? பிரிட்டனில் கான்கிரீட்டுக்குப் பதிலாகத் தண்ணீரை வைக்கும் யோசனை வந்ததாகப் படித்திருக்கிறேன்.

அச்சாணி எழுதுகிறார்:

நீங்கள் சொல்வது நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் 2017இல் வந்த யோசனை. கான்கிரீட் இருக்கும் இடத்தில் வெற்று பிளாஸ்டிக் கலனை வைத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு அதில் தண்ணீரை நிரப்புவது. ஏற்றியிறக்கும்போது எடை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றார்கள். ஆனால் அந்தக் கலன் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கான்கிரீட் இயந்திரத்தின் உடலில் கட்டப்படுவதில்லை. ஸ்பிரிங்கில் தொங்கும் வெளித்தொட்டியில் கட்டப்படுகிறது. தொங்கும் பொருளின் எடை கூடக் கூட ஆட்டத்தின் வீச்சு குறையும் என்பதே அதன் பயன். தண்ணீர் கான்கிரீட்டில் பாதி அடர்த்திகூட இல்லாதது; 25 கிலோவுக்கு 25 லிட்டர் இடம் வேண்டும், அதுவும் தளும்பாதபடி விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் இறுக்கமான அமைப்பு வேறு வகை. அங்கே விசை முழுவதும் தரைக்குப் போகிறது. நனைந்த போர்வை ஒன்று சுருண்டு 1 கிலோ ஒரு பக்கமாகச் சேர்ந்தால் 400 சுற்றில் 43 கிலோ எடைக்குச் சமமான விசை. உங்கள் இயந்திரம் 35 கிலோ என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அது தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அடித்தொட்டியில் தண்ணீர் இருந்தால் அழுத்திப் பிடிக்கும் என்கிறீர்கள். ஆனால் துவைக்கத் தொடங்கும்போதே அந்தத் தண்ணீரை டிரம்முக்கு எடுத்துவிட்டீர்களே. கடைசி அலசல் முடிந்தால்தான் அது மறுபடியும் நிறையும். பிழியும் வேளையில் தொட்டி காலியாகத்தான் கிடக்கும். வேகத்தை 250 ஆகக் குறைத்தால் விசை 17 கிலோவுக்கு வரும், அது தாங்கக்கூடியது. ஆனால் அந்த வேகத்தில் பிழிதல் பாதிப் பிழிதல்தான்.

தொட்டித் தண்ணீரைப் பற்றியும் ஒன்று. அலசிய தண்ணீர் நம் வெப்பத்தில் இரண்டு நாள் நின்றால் நாறும். சான்யோ நிறுவனம் 2006இல் ஜப்பானில் விற்ற அக்வா என்னும் இயந்திரம் தண்ணீரை ஓசோனால் சுத்தப்படுத்தி மறுபடியும் பயன்படுத்தியது. அந்தச் செலவு உங்கள் இயந்திரத்துக்கு ஒவ்வாது. அன்றன்று துவைக்கும் வீட்டுக்கு மட்டும் தொட்டி சரி. வாரம் ஒருமுறை துவைப்பவர்களுக்கு அதைத் திறந்துவிடும் குழாய் ஒன்று வேண்டும்.

திருப்புளி எழுதுகிறார்:

ஐயா, 400 வேண்டாம், 250உம் வேண்டாம் என்பது என் கருத்து. இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் பலவற்றில் ஸ்பின்னரின் மூடிக்கு அடியில் ஸ்பின் ஷவர் என்று ஒன்று இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கூடை சுற்றும்போதே நடுவிலிருந்து தண்ணீர் துணியின் மேல் தெளிக்கும். சுழற்சி அந்தத் தண்ணீரைத் துணியின் ஊடாக வெளியே தள்ளும். அலசுவதும் பிழிவதும் ஒரே இடத்தில் நடந்துவிடும். டிரம் 55 சுற்றோடு நிற்கலாம்; மூடியின் கொக்கியும் சாதாரணமானதாக இருக்கலாம்; துணியை ஒரே ஒரு முறை மாற்றினால் போதும்.

கூடை சிறியது என்பதால் ஒரு டிரம் துணியை இரண்டு தடவையாகப் போட வேண்டிவரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடியைத் திறந்தால் கூடையை நிறுத்தும் பிரேக் கம்பியை மட்டும் யாரும் கழற்றிவிடக் கூடாது. அது அறுந்துபோன இயந்திரங்களை அப்படியே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அச்சாணி எழுதுகிறார்:

ஸ்பின் ஷவரை நான் மதிப்பிடாமல் விட்டது உண்மைதான். ஆனாலும் என் ஐயம் தீரவில்லை. கூடையின் சுவரில் அழுந்தியிருக்கும் துணியில் தண்ணீர் எளிதான வழியைத் தேடிக்கொண்டு போய்விடும். மடிப்புக்குள் சோப்பு அப்படியே தங்கலாம். இதைப் பேச்சால் தீர்க்க முடியாது, அளந்துதான் தீர்க்க வேண்டும். குடிநீர் சுத்திகரிப்பானுக்காக வாங்கிய டிடிஎஸ் மானி, அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி, பல வீடுகளில் இருக்கும். ஒரே எடைத் துணி, ஒரே அளவு சோப்புத்தூள்; ஒரு முறை தொட்டியில் வழக்கம்போல அலசியும், மறு முறை ஷவரில் மட்டும் அலசியும், கழுவிய தண்ணீர் எத்தனை வாளி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துணியின் மடிப்புப் பகுதியைக் கையால் முறுக்கி வரும் தண்ணீரின் டிடிஎஸ் அளவிலிருந்து குழாய்த் தண்ணீரின் அளவைக் கழியுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் சோப்புத்தூளின் உப்பு. இரண்டு சோதனைக்கும் ஒரே தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வந்தால் அந்த வேறுபாடே சோப்பின் அளவை விழுங்கிவிடும். ஷவரில் மிஞ்சும் அளவு தொட்டி அலசலுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால், 400 சுற்று என்ற என் யோசனையை வரைபடத்திலிருந்து அடித்துவிடுங்கள்.